சார்ஜென்ட் ஏன் விசில் அடிக்கவில்லை

அலெக் தோர்ன்பியின் இடது புருவத்துக்கு மேலே ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு நீலக் கோடு இருந்தது. பச்சை குத்தியது போலத் தெரியும், ஆனால் பச்சை இல்லை. 1956ஆம் வருஷத்துக் கோடை முழுக்க, காலை ஏழு மணிக்கு அவனை என் நாற்காலியில் உட்காரவைத்து அந்தக் கோட்டைச் சாயம் பூசி மறைப்பதுதான் என் முதல் வேலை. மேக்கப் அறையில் மற்றவர்கள் அதைப் போர்க்காயம் என்று நினைத்தார்கள். அவனும் இல்லை என்று சொல்லவில்லை. என்னிடம் அந்தக் கதை செல்லாது. நான் தெற்கு வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கத்து ஊரில் பிறந்தவள். என் அப்பாவின் முதுகில் இதே நீலத்தில் பதினோரு கோடுகள் உண்டு. வெட்டுப்பட்ட இடத்தில் கரித்தூள் புகுந்து, தோல் அதன் மேலேயே மூடிக்கொண்டால் வருகிற நிறம் அது. ஜெர்மன்காரன் சுட்டால் அந்த நிறம் வராது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் தினமும் காலையில் மறைத்துக்கொண்டிருந்தேன்.

படத்தின் பெயரை அதற்குள் மூன்று முறை மாற்றிவிட்டார்கள். அதனால் நாங்கள் 'ரெய்டு படம்' என்றே சொல்லிக்கொண்டோம். அந்த வருஷங்களில் லண்டனைச் சுற்றியிருந்த எந்த ஸ்டுடியோவுக்குள் நுழைந்தாலும் யாராவது முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு ரப்பர் படகிலிருந்து இறங்கிக்கொண்டிருப்பார்கள். போர் முடிந்து பத்து வருஷம் ஆகியும் ஜனங்களுக்கு அது சலிக்கவில்லை. எங்கள் படத்தில் 1944 நவம்பரில் கமாண்டோக்கள் ஒரு தீவில் இறங்கிப் பீரங்கி மேட்டைத் தகர்க்கிறார்கள். நிஜப் போரில் பட்டாளத்துச் சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தவருக்கு இங்கே கர்னல் வேஷம். நிஜமாகவே கமாண்டோவாக இருந்த டெட் கௌலிக்குப் பொன்னிற முடி என்பதால் ஜெர்மன் காவல்காரன் வேஷம். சார்ஜென்ட் வேஷத்தில் அலெக் அவனை ஒரே வாரத்தில் ஒன்பது முறை குத்திக் கொன்றிருந்தான்.

"சார்ஜென்ட், இன்னிக்காவது ஒழுங்கா குத்துய்யா. நேத்து நீ குத்துனதுல எனக்குக் கிச்சுக்கிச்சுதான் வந்துச்சு" என்பான் டெட்.

அலெக் சிரிப்பான். சிரிக்கும்போது கண் மட்டும் சிரிக்காது, வாசல் எங்கே இருக்கிறது என்று தேடும். எனக்கு அவனைப் பார்த்தாலே இருப்புக் கொள்ளாது.

அவன் கதை எனக்குத் தெரிந்தவரை இவ்வளவுதான். 1944இல் பதினெட்டு வயது முடிந்த பையன்களில் பத்தில் ஒருவனைச் சீட்டுக் குலுக்கிப் பட்டாளத்துக்குப் பதில் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். பதிவு எண்ணின் கடைசி இலக்கம் குலுக்கலில் விழுந்தால் தலையெழுத்து அதுதான். சீருடை இல்லை, பதக்கம் இல்லை. தெருவில் போனால் "எல்லாப் பையனும் சண்டைக்குப் போயிருக்கான், இவன் மட்டும் ஊர்ல சுத்துறான் பாரு" என்று பேச்சு. அலெக் அப்படிப் போனவன். ஆனால் படப்பிடிப்பு நடந்த அந்த ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வேறு மாதிரி வந்தது. எங்கள் விளம்பர ஆள் சிரில் பாம்ஃப்ரி கொடுத்த செய்தி. 'திரையில் காணும் சார்ஜென்ட், அதே தீவில், அதே இரவில், நிஜத்திலும் போராடியவர்.'

மறுநாள் காலையில் அதை என் மேஜைமேல் விரித்து வைத்திருந்தேன்.

"நான் சொல்லல கிளெனிஸ். சிரில்தான் அவனா எழுதிட்டான்" என்றான் அலெக்.

"நீ இல்லைன்னு சொன்னியா?"

"அச்சாயிடுச்சே."

"பேப்பர்தான அச்சாச்சு. உன் வாயுமா அச்சாயிடுச்சு?"

 நான் கோட்டின்மேல் சாயத்தை வழக்கத்தைவிட அழுத்தித் தேய்த்தேன். எனக்குக் கோபம். கரி வெட்டியவன் கரி வெட்டியதை மறைக்கிறான், அதற்குக் கரிக்காரன் மகளான நானே கூலிக்கு ஒத்தாசை செய்கிறேன். தினமும் காலையில் என் அப்பாவின் முதுகையே அழிக்கிறது போலிருந்தது.

ஆகஸ்டில் சுரங்கப்பாதைக் காட்சி வந்தது. ஸ்டுடியோவுக்குள் மரச்சட்டமும் சுண்ணாம்பும் வைத்து நாற்பதடி நீளத்துக்கு ஒரு குகை கட்டியிருந்தார்கள். சார்ஜென்ட் வாசலில் டெட்டைக் கொன்றுவிட்டு உள்ளே இருபது தப்படி போய், பாதை காலி என்பதற்கு அடையாளமாக விசில் அடிக்கவேண்டும். மற்றவர்கள் பின்னால் வருவார்கள். பள்ளிக்கூடப் பையன்கூடச் செய்துவிடுவான்.

அலெக் டெட்டைக் கொன்றான். உள்ளே போனான். இருபது தப்படி நடந்தான். பிறகு திரும்பி வாசலுக்கே ஓடிவந்து, தலையை வெளியே நீட்டி, விசில் அடித்தான்.

"கட்!" என்றார் டைரக்டர் ஆர்க்கெல். "அலெக் ராஜா, விசில் உள்ளேர்ந்து வரணும். நீ ஏன் வாசலுக்கு ஓடி வர? ஒண்ணுக்கு அவசரமா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"உள்ள எதிரொலிக்குது சார். வெளில வந்தா நல்லா கேக்கும்."

"எதிரிக்கும்தான் நல்லா கேக்கும்! உள்ளயே அடி."

இரண்டாம் முறை உள்ளே நின்று உதட்டைக் குவித்தான். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாம் முறை மறுபடி வாசலுக்கு வந்தான். கம்பளித் தொப்பியும் கரி முகமுமாகப் பன்னிரண்டு பேர் விளக்குச் சூட்டில் புழுங்கி நின்றார்கள். கரி வழிந்து கழுத்தில் இறங்க, நான் பஞ்சை எடுத்துக்கொண்டு ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் ஓடிக்கொண்டிருந்தேன். "நான் செத்துக் கிடக்கேன் சார், என் காலும் செத்துப்போச்சு" என்று தரையிலிருந்து டெட் கத்தினான்.

அலெக் ஏன் உள்ளே நின்று விசில் அடிக்கவில்லை என்பது அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். சுரங்கத்துக்குள் விசில் அடிக்கக் கூடாது. அடித்தால் கூரை இறங்கும். எங்கள் ஊரில் கீழே எவனாவது விசில் அடித்தால் கிழடு கட்டைகூடக் கோடாலியைக் கீழே வைத்துவிட்டு மேலே ஏறிவந்துவிடும். நம்பிக்கையோ மூடத்தனமோ, உடம்பில் ஏறிவிட்டால் போகாது. இது சுண்ணாம்புக் குகை என்று அலெக்குக்குத் தெரியும். அவன் உதட்டுக்குத் தெரியவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வாயால் சத்தம் வராததால் கெடப்போகிறவனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான்காம் முறைக்குத் தயாராகும்போது சிரில் ஒரு அம்மாளை அழைத்துவந்து காமிராவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தான். அறுபது வயது இருக்கும். பழுப்புத் தொப்பி, கையுறை, மடியில் ஒரு தகர டப்பா. சிரில் என் காதோரம் வந்தான்.

"மிசஸ் பெடோ. ஷ்ராப்ஷயர் பக்கம் பேக்கரி வெச்சிருக்காங்க. மூத்த பையன் அந்த ரெய்டுலதான் செத்தான். நம்ம அலெக்கைப் பேப்பர்ல பாத்துட்டு லெட்டர் போட்டிருக்காங்க, என் மகனைப் பாத்தீங்களா, எப்படிப் போனான்னு. சாப்பாட்டு நேரத்துல ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்கவெச்சு ஒரு போட்டோ. ஞாயித்துக்கிழமை முதல் பக்கம்!"

"அலெக்குக்குத் தெரியுமா?"

"முன்னாடியே சொன்னா நடிக்க ஆரம்பிச்சிடுவான். திடீர்னு பாத்தாதான் கண்ணு கலங்கும்."

 அந்த அம்மாளிடம் போய், தேநீர் வேண்டுமா, காத்திருப்பது கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"பன்னெண்டு வருஷம் காத்துட்டேன் கண்ணு. மதியம் வரைக்கும் தாங்கும்" என்றாள். டப்பாவைத் தட்டிக் காட்டினாள். "இஞ்சி கேக். எங்க வில்ஃபுக்குப் பிடிக்கும். அவன்கூட இருந்தவருக்குக் கொடுக்கலாம்னு."

நான்காம் முறை. ஐந்தாம் முறை. ஒவ்வொரு தடவையும் அலெக் உள்ளே போனான், வாசலுக்கு வந்தான், விசில் அடித்தான். மிசஸ் பெடோ முதலில் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் முறை நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"அந்தத் தம்பி ஏன் வெளில வந்து வந்து விசில் அடிக்குது?"

"எதிரொலிக்குதாம்மா" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.  டப்பாவின் மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஆர்க்கெல் கையை உதறிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போகச் சொன்னார். நான் அலெக்கின் சட்டையைப் பிடித்து மேக்கப் அறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தி விஷயத்தைச் சொன்னேன். அவன் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தான். நாற்காலியில் இடித்துக்கொண்டான், மறுபடி நடந்தான்.

"காய்ச்சல்னு சொல்லிடவா? பின்வாசல் வழியா போயிடவா?"

"போ. அவ ரயில் ஏறி வந்திருக்கா. கேக் சுட்டு எடுத்துட்டு வந்திருக்கா."

கழுத்துச் சாய ரத்தத்தைக் கழுவிக்கொள்ள டெட் ஜெர்மன் சீருடையோடு உள்ளே வந்தான். கதவுக்கு வெளியே பாதியைக் கேட்டிருந்தான். மீதியை எங்கள் முகத்தில் படித்துக்கொண்டான்.

"இதுக்கு ஏன்யா குதிக்கிற? நேரா போய் நில்லு. உடனே போயிட்டான், வலியே தெரியல, கடைசியா அம்மான்னுதான் சொன்னான்னு சொல்லு. அவ்வளவுதான். ஆறு வீட்டுக்கு நானே எழுதியிருக்கேன்."

"ஆறு பேரும் அப்படித்தான் செத்தாங்களா?" என்றான் அலெக்.

டெட் சிகரெட்டைப் பற்றவைத்தான். "ஒருத்தன்."

அலெக் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"நீ சண்டைக்குப் போனவன் டெட். நீ சொன்னா அது இரக்கம். நான் சொன்னா?"

"அது உன் பாடு சார்ஜென்ட்" என்று சொல்லிவிட்டு டெட் கழுத்தைக் கழுவாமலே போனான். அதற்கு முன்னால் அவன் 'சார்ஜென்ட்' என்றபோதெல்லாம் கேலி இருந்தது. அன்றைக்கு இல்லை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "போ, போய்ச் சொல்லு. நல்லாத்தான் நடிப்ப. எங்க அப்பா முப்பத்தெட்டு வருஷம் கீழ இருந்தாரு. ஒருநாள்கூட இந்த நீலத்தை மறைச்சதில்ல. கல்யாணத்தன்னிக்குக்கூட மறைக்கல. உனக்கு மட்டும் என்ன, ராஜ வம்சமா?"

அவன் நின்றான்.  பிறகு வந்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

"அதைத் துடைச்சுடு கிளெனிஸ்."

எண்ணெய் தொட்டு முகம் முழுவதையும் துடைத்தேன். கமாண்டோவின் கரி போயிற்று, என் சாயம் போயிற்று, அந்த நீலக் கோடு மட்டும் நின்றது. 

ரப்பர் படகுகளை அடுக்கி வைத்திருந்த கொல்லைப்புறத்தில் மிசஸ் பெடோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். போட்டோக்காரரோடு நின்ற சிரில், அலெக்கைப் பார்த்ததும் முகம் சுளித்தான். "மேக்கப் எங்கய்யா?"

"அஞ்சு நிமிஷம் தள்ளி நில்லுங்க சிரில்" என்றான் அலெக். என்னைப் பார்த்து, "நீ இரு" என்றான்.

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று கை காட்டினான். எத்தனையோ பக்கம் வசனத்தை ஒரே மூச்சில் சொல்கிறவன், ஒரு வார்த்தைக்குத் திணறினான்.

"அம்மா, நான் அங்க இல்ல. அந்த ராத்திரி நான் யார்க்‌ஷயர்ல, தரைக்குக் கீழ, கரி அள்ளிட்டு இருந்தேன். உங்க பையனை நான் பாத்ததே இல்ல. பேப்பர்ல வந்தது பொய். நான் எழுதல, ஆனா வாயை மூடிட்டு இருந்தேன்."

 அவள் அறையப் போகிறாள் என்று நினைத்தேன்.

"தெரியும் தம்பி" என்றாள் மிசஸ் பெடோ.

"எப்படி?"

"நீ வெளில வந்து வந்து விசில் அடிச்சியே, அப்பவே தெரியும். எங்க லென் முதல் லெட்டர்லயே எழுதியிருந்தான். அம்மா, இங்க கீழ விசில் அடிச்சா அடிக்க வர்றாங்க, நான் எப்படி உயிரோட இருக்கப்போறேன்னு. அவன் ரொட்டிக் கூடையைத் தூக்கிட்டுத் தெரு பூரா விசில் அடிச்சுக்கிட்டே போற பையன்."

"லென் யாரும்மா?" என்று நான் கேட்டேன்.

"எனக்கு ரெண்டு பசங்க. வில்ஃப் பெரியவன், கமாண்டோ. லென் சின்னவன். அவனுக்கு உன்ன மாதிரிச் சீட்டு விழுந்துச்சு." அவள் அலெக்கின் நெற்றியைப் பார்த்தாள். "வில்ஃப் செத்து ஒரு மாசத்துல, கிறிஸ்துமஸ் லீவுக்கு லென் வந்தான். கடைல கூட்டம். பிள்ளையைப் பறிகொடுத்தவங்க அதுல மூணு பேரு. கண்ணோரம் கரி படிஞ்சு, பழைய கோட்டோட முன்வாசல்ல வந்து நிக்கிறான். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. நான், பெத்தவ, என்ன சொன்னேன் தெரியுமா? ஆளுங்க இருக்காங்க, பின்பக்கமா வாடான்னேன்."

கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"சரிம்மான்னான். அதுக்கப்புறம் முன்வாசல்ல காலே வைக்கல. சுரங்கத்துலேர்ந்து விடுவிச்சதும் கனடாவுக்குக் கப்பல் ஏறிட்டான். கிறிஸ்துமஸ்ஸுக்கு ஒரு கார்டு வரும். பேர் மட்டும் இருக்கும், வேற ஒரு வரி இருக்காது. நானும் என்னன்னு எழுதுவேன்?"

 சிரில் தூரத்தில் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான்.

"வில்ஃபைப் பத்திக் கேக்கணும்னுதான் காலைல ரயில் ஏறினேன், சத்தியமா" என்றாள் அவள். "ஆனா அவனைப் பத்தி மூணு ஆபீசர் எழுதிட்டாங்க. ஊர்ல போர் நினைவுக் கல்லுல பேர் இருக்கு. வருஷா வருஷம் பூ வெக்கிறாங்க. லென்னைப் பத்தி யாரும் எனக்கு எழுதல. அவன் வீட்ல இருந்த நாலு நாள்ல, கீழ எப்படிடா இருக்கும்னு நான் ஒரு வார்த்தை கேக்கல. நீ சொல்லு தம்பி. கீழ எப்படி இருக்கும்?"

அலெக் பெஞ்சில் உட்காரவில்லை. அவள் எதிரே குதிகால்மேல் குத்தவைத்து உட்கார்ந்தான், என் அப்பா வீட்டு வாசலில் உட்காருவது போலவே. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் சொன்னான். ஆட்களைச் சுமந்து கூண்டு கீழே இறங்கும்போது வயிறு மேலே வருவதைச் சொன்னான். விளக்கு அணைந்தால் தன் கையே தனக்குத் தெரியாத இருட்டைச் சொன்னான். ரொட்டித் தகரத்தைத் திறந்தால் வந்து நிற்கும் எலிகளைச் சொன்னான். முதல் நாளே பயத்தில் விசில் அடித்ததற்கு ஏமஸ் என்ற கிழவர் கன்னத்தில் அறைந்தார். அதே ஏமஸ் நாலு மாதம் கழித்துக் கூரை இறங்கியபோது இவனை முன்னால் தள்ளிவிட்டுத் தான் அடியில் மாட்டிக்கொண்டார். இவனுக்கு நெற்றியில் ஒரு கல் பட்டதோடு போயிற்று. "அன்னிக்கு யாரும் விசில் அடிக்கல. ஆனா அதுக்கப்புறம் என்னால முடியல."

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். குளிருமா? முதுகை நிமிர்த்த இடம் இருக்குமா? பயமா இருந்தா யார்கிட்ட சொல்வீங்க? ஒரு அம்மா கேட்கவேண்டிய கேள்விகள், பன்னிரண்டு வருஷம் தாமதமாக, யாரோ பெற்ற பிள்ளையிடம். இடையில் டப்பாவைத் திறந்து அவன் கையில் ஒரு துண்டு கேக்கை வைத்தாள். அவன் தயங்கினான்.

"சாப்பிடு. லென்னுக்கும் இது பிடிக்கும்" என்றாள்.

சிரில் பொறுக்கமுடியாமல் வந்துவிட்டான். "போட்டோ எடுத்துடலாமா?"

"எடுங்க. ஆனா கீழ என்ன எழுதணும்னு நான் சொல்றேன்" என்று அலெக் சொல்லத் தொடங்கினான். இரண்டு வாக்கியத்துக்குள் சிரிலின் முகம் விளக்கெண்ணெய் குடித்ததுபோல் ஆயிற்று. போட்டோக்காரரை இழுத்துக்கொண்டு போனவன் அன்றைக்கு முழுக்க எங்கள் பக்கமே வரவில்லை.

மதியம் மறுபடி சுரங்கம். நான் மறுபடி அந்தக் கோட்டை மறைத்தேன். சார்ஜென்டுக்கு நீலம் இருக்கக் கூடாதே, அது படம். இந்த முறை என் கை லேசாகப் போயிற்று. அலெக் உள்ளே போனான், இருபது தப்படியில் நின்றான், உதட்டைக் குவித்தான். சத்தம் இல்லை. ஆர்க்கெல் தொப்பியைத் தரையில் எறிந்தார்.

ஒலிப்பதிவாளர்தான் வழி சொன்னார். "உதடு அசைஞ்சா போதும் சார். விசிலை வெளில தனியா எடுத்து ஒட்டிடலாம்."

கொல்லைப்புறத்துக்கு மைக்கைக் கொண்டுபோனார்கள். அலெக் முயன்றான். காலையிலிருந்து அடித்து அடித்து உதடு காய்ந்து, வந்த விசில் அழுகிறது போலிருந்தது. டெட்டுக்கு முன்பல் இரண்டும் கட்டியவை, காற்றுதான் போயிற்று. விளக்குக்காரர் ஒருவர் அடித்தது பெண்களைப் பார்த்து அடிக்கிற விசிலாக இருந்தது. ஆர்க்கெல் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நான் அடிக்கட்டுமா?" என்றாள் இன்னும் அதே பெஞ்சில் இருந்த மிசஸ் பெடோ.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவள் கொஞ்சம் சிவந்துபோனாள். "விசில் அடிக்கிற பொம்பளையும் கூவுற பெட்டைக்கோழியும் குடும்பத்துக்கு ஆகாதுன்னு என் மாமியார் கரிச்சுக் கொட்டுவா. பசங்க ரெண்டும் ஆத்தங்கரையே கதின்னு கிடக்கும். சாயங்காலம் சாப்பிடக் கூப்பிடணும்னா நான் கொல்லைல நின்னு இதான் அடிப்பேன். அரை மைல் கேக்கும்."

வலது கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள். இரண்டு விரலை வாயில் வைத்தாள். மூன்று சின்னது, பிறகு மேலே ஏறி இறங்குகிற ஒரு நீளம். படகுக் குவியலிலிருந்து புறாக்கள் படபடவென்று பறந்தன. ஒலிப்பதிவாளர் காதுக் கருவியைக் கழற்றித் தடவிக்கொண்டார்.

"கதைல இருக்கிறது இது இல்லையே" என்றார் உதவி டைரக்டர்.

"இனிமே இதுதான்" என்றார் ஆர்க்கெல்.

கிளம்பும்போது அவள் ஆர்க்கெலிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "இந்தப் படம் கனடாவுக்குப் போகுமா சார்?"

"எல்லா ஊருக்கும் போகும்மா. பனிக்காடா இருந்தாலும் ஒரு கொட்டகை இருக்கும்."

அவள் தலையசைத்தாள். தகர டப்பாவை அலெக்கிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

படம் வருவதற்கு முன்னால் அலெக் கம்பெனிக்குக் கடிதம் எழுதித் தன் பெயரோடு ஒட்டியிருந்த அந்தப் போர்க்கதையை எடுக்கச் சொன்னான். எடுத்தார்கள். அவனையும் மெல்ல எடுத்துவிட்டார்கள். அடுத்த படத்தில் அவனுக்குப் பல் டாக்டர் வேஷம், நான்கே நிமிஷம். நெற்றிக் கோட்டை மறைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டான். பல் டாக்டரின் நெற்றியை யார் பார்க்கப்போகிறார்கள்?

மறுவருஷம் பிப்ரவரியில் ஊருக்குப் போயிருந்தபோது, எங்கள் சுரங்கத் தொழிலாளர் மன்றத்துக் கொட்டகையில் அந்தப் படம் ஓடியது. அப்பாவை அழைத்துப்போனேன். நெஞ்சில் தூசி அடைத்து, படி ஏற மூன்று இடத்தில் நின்றார். கொட்டகை நிறையக் கரிக்காரர்கள். படகு, பீரங்கி, டெட்டின் சாவு எல்லாவற்றையும் வாய் பிளந்து பார்த்தார்கள். அலெக் சுரங்கப்பாதைக்குள் இருபது தப்படி போய் நின்றான். உதட்டைக் குவித்தான். மூன்று சின்னது, ஏறி இறங்கும் ஒரு நீளம்.

கொட்டகையே பொங்கி எழுந்தது. "ஏய், வெளிய வாடா மடையா!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். நாலைந்து பேர் நாற்காலியைத் தட்டினார்கள். சுரங்கம் இல்லாத எந்த ஊரிலும் அந்த இடத்தில் அப்படி ஒரு கூச்சல் எழுந்திருக்காது. எனக்குச் சிரிப்பு வந்தது. கனடாவில் எங்கேயோ ஒரு மரம் அறுக்கிற ஊரில், கம்பளிக் கோட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் காதில் இது விழுந்திருக்குமா, விழுந்ததும் எழுந்து நின்றிருப்பானா என்று நினைத்துக்கொண்டேன். இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்பா முழங்கையால் என்னை இடித்தார். கோபத்தில் இருமல் வந்து, அது அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"யாருடி அந்தக் கிறுக்கன்? சுரங்கத்துக்குள்ள நின்னுக்கிட்டு விசில் அடிக்கிறான்?"

"அவன் இல்லப்பா" என்றேன். "அது ஒரு அம்மா. பையனைச் சாப்பிடக் கூப்பிடுறா."